தோணிப் படத்தில் நின்றவர்கள்

கருநெல்லி எஸ்டேட்டில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும் என்பது வேதமாணிக்கத்தின் கட்டளை. வரிசை மாறினால் அநியாயம் வெறும் முறையீடாகிவிடும் என்பார். முதலாவது, பஞ்ச காலத்தில் பதினோரு நாள் நடத்தி மலையேற்றிக் கொண்டுவந்தவர்களில், வழியில் விழுந்தவர்களைப் பாதையோரக் கற்களுக்கு நடுவே விட்டுவிட்டு வந்தது. இரண்டாவது, காட்டுக்காய்ச்சலில் ஆட்களின் வீட்டு வரிசைகள் லயம் லயமாகச் செத்துக்கொண்டிருந்தபோது, துரையின் குதிரைக்கு லாயம் கட்டி முடித்த பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கல் சுமக்க விட்டது. மூன்றாவது, பிள்ளை பெற்றவளை ஒன்பதாம் நாள் கொழுந்தெடுக்கத் துரத்தியது. நான்காவது, சங்கம் வரும்வரை, பெற்றவர்கள் வைத்த பேரை ஒதுக்கிவிட்டு ஆட்களை நம்பர் சொல்லிக் கூப்பிட்டது. ஐந்தாவது, நாலாம் டிவிஷன் இடுகாட்டை ஒரு எலும்பைக்கூடப் பொறுக்கி எடுக்காமல் உழுது அதன்மேல் தேயிலை நட்டது. ஆறாவது, இத்தனை காலம் உறிஞ்சிய மலையை, ஆட்களோடு சேர்த்தா சேர்க்காமலா என்றுகூடச் சொல்லாமல், போன தை மாதம் கம்பெனி விலைபேசத் தொடங்கியது.

எழுபத்துநாலு வயதில், நாலு முறை சிறைக்குப் போய் வந்த உடம்போடு, அவர் இந்த ஆறையும் விரல் மடக்காமல் சொல்வார். பள்ளிக்கூடம் போனதில்லை. டீக்கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரங்களின் எண்ணெய்க் கறைகளுக்கு நடுவே எழுத்துக் கூட்டிப் படித்தவர், பிறகு அவரே ஐம்பது அறுபது பிரசுரம் எழுதினார். அவர் பேர் வெட்டிய கல் தொழிற்சங்கக் கட்டிடத்தின் வாசலில் இருக்கிறது. ஆகவே ஒரு கார்த்திகைத் திங்கட்கிழமை, பெரிய பங்களாவில் தரை துடைக்கும் பொன்னுக்கிளி மூச்சிரைக்க ஓடிவந்து, தோணிப் படத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் முதுகில் கொழுந்துக் கூடை மாட்டிக்கொண்டார்கள் என்று சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, “யார் கிளப்பிவிட்டது?” என்பதுதான்.

“கிளப்பிவிட்டாங்களா? நான் ஈரத் துணியோட நிக்கிறேன், எதிர்ல எங்க ஜனம் நிக்குது. இதுல யாரு எதைக் கிளப்புறது?”

“கம்பெனி.”

“ஒங்களுக்கு மழை பேஞ்சாலும் கம்பெனிதான்” என்று சொல்லிவிட்டுப் பொன்னுக்கிளி அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

தோணிப் படம் என்பது பங்களா ஹாலில், கணப்புக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய ஒரு நீர்வண்ண ஓவியம். இருநூறு வருஷத்துக்கு முன் லண்டனில் ஒரு வெள்ளைக்காரன், இத்தாலி தேசத்துப் பழைய காவியம் ஒன்றைப் படித்துவிட்டு, அந்த தேசத்தை ஒருநாளும் பார்க்காமலேயே தீட்டியது. முதல் துரை அதைக் கம்பளியில் சுற்றி மாட்டுவண்டியில் மலைக்குக் கொண்டுவந்தார். வெளிறிய ஓர் ஆறு. இந்தக் கரையில் செத்துப்போன முப்பது பேர், துணியில்லாத வெள்ளை உடம்புகளோடு. ஆற்றில் ஒரு தோணி. அதில் செத்தவர்களை அக்கரை சேர்க்க, துடுப்பை ஓங்கியபடி, வாயைத் திறந்தபடி ஒரு கிழவன். நான்கு தலைமுறையாக அந்த ஹாலைத் துடைத்த பெண்கள் அம்மணக் கூட்டத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டே துடைத்தார்கள். அந்தத் திங்கட்கிழமை பொன்னுக்கிளி நிமிர்ந்து பார்த்ததற்குக் காரணம், படத்திலிருந்து பச்சைக் கொழுந்து வாசம் அடித்ததுதான்.

வெள்ளை உடம்புகள் கறுத்திருந்தன. இடுப்பில் சாக்கும், தலையில் மழைக்குக் கொங்காணி போட்ட கம்பளியும், முதுகில் கூடையும் இருந்தன. முப்பது பேர் நாற்பத்திரண்டு பேர் ஆகியிருந்தார்கள். இரண்டாம் வரிசையில் நின்றவன், முப்பது வருஷத்துக்கு முன் ஃபாக்டரியில் இலை அரைக்கும் ரோலரில் கை சிக்கிச் செத்த அவள் அண்ணன். மஞ்சள் கயிற்றில் தாயத்து கட்டிய அதே கழுத்து. பொன்னுக்கிளி தன்னை அறியாமல், அப்பன் பேரையும் சேர்த்து, “நல்லகண்ணு மகன் கிட்டப்பா!” என்று அலறினாள். மறுநாள் காலையில் கிட்டப்பன் கரையில் இல்லை, தோணியில் குந்தியிருந்தான். அதற்கும் மறுநாள் தோணியிலும் இல்லை. அவன் நின்ற இடத்தில் வெறும் தாள், துவைத்து வெயிலில் போட்ட துணிபோல வெளுத்துக் கிடந்தது.

இதன்பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கருநெல்லியில் காலை ஆறரை மணிக்குப் பிரட்டுக்களத்தில் நின்று, பேர் கூப்பிட்டால் குரல் கொடுத்துவிட்டு மலைக்குப் போன ஜனங்களுக்கு, வாயைத் திறந்தபடி ஆற்றில் நிற்கும் கிழவன் என்ன செய்கிறான் என்று தெரியாதா? “பேர் கூப்பிடத்தான் நிக்கிறான். கூப்பிடத் தெரியாம முழிக்கிறான்” என்றார் எண்பது வயதான பழைய கங்காணி பழனியாண்டி. “சீமைக்காரனுக்கு நம்ம பேரு நாக்குல வருமா? நாமதான் எடுத்துக் குடுக்கணும்.”

அப்படியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் பிரட்டு வைத்தார்கள். செத்தவனின் சொந்தக்காரர் அப்பன் பேரோடு சேர்த்துப் பேரைச் சொல்ல வேண்டும்; ரத்த சம்பந்தமில்லாத மூன்று சாட்சிகள் “கேட்டோம்” என்று சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் இயற்றவில்லை. மூன்றாம் ஞாயிறு பார்க்கையில் அது ஆதிகாலத்துச் சட்டமாகியிருந்தது. மூன்று சாட்சிகளும் ஒரே சங்கத்து ஆட்களாக இருக்கலாமா என்று எஸ்டேட்டின் இரண்டு சங்கங்களும் அடித்துக்கொண்டன. தோணிக்காரனுக்குச் சேவல் அறுக்கலாமா, இத்தாலிக்காரன் என்பதால் மெழுகுவர்த்தி போதுமா என்று ஒரு பகல் முழுக்க விவாதித்து, மெழுகுவர்த்தி கொளுத்திச் சேவலும் அறுத்தார்கள். ஒரு குடும்பம் அவசரத்தில் வேறொருவனைத் தாத்தா என்று கூப்பிட்டுவிட, அவன் தோணி ஏறாமல் படத்துக்குள்ளிருந்தே முறைத்தான் என்று சொன்னார்கள். வாரத்துக்கு எட்டுப் பத்துப் பேர் ஏறினார்கள். பேர் சொல்லி அனுப்பியவர்கள் பங்களா முற்றத்தில் உட்கார்ந்து, நாற்பது ஐம்பது வருஷமாகத் தொண்டையில் நின்ற அழுகையை அழுது முடித்து, தேங்காய்ச் சில்லும் வெல்லமும் தின்று, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வேதமாணிக்கம் ஒருவர்தான் தூங்கவில்லை. கம்பெனி முதல் வாரம் ஹாலைப் பூட்டியது. இரண்டாம் வாரம் தானே திறந்துவிட்டது. மூன்றாம் வாரம் வந்தவர்களுக்கு டீயும் கொடுத்தது. கம்பெனி சும்மா டீ கொடுத்ததாக நூற்றிருபது வருஷத்தில் ஒரு சான்று உண்டா? விற்பனையை எதிர்த்து அவர் கேட்டில் போட்ட கூட்டத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். அதே நேரம் ஹாலில் முந்நூறு பேர். உயிரோடு இருக்கிறவனின் வீடு பறிபோகும் வேளையில், செத்தவனுக்குத் தோணி பிடித்துக் கொடுத்து ஜனத்தைக் கேட்டிலிருந்து நகர்த்திய மூளை எந்த மூளை? அவர் ஒரு பூதக்கண்ணாடியோடு போய், மூன்று பகல் படத்தின் முன் உட்கார்ந்தார். சட்டத்தின் பின்னட்டையைத் தட்டிப் பார்த்தார். ஆணிகளை எண்ணினார். புது வண்ணம் தெரிகிறதா என்று மோந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, அகப்படாததே பெரிய சாட்சி என்று முடிவு செய்து, ‘படமா? பம்மாத்தா?’ என்று ஒரு பிரசுரம் அடித்தார். அது மறுநாளே டீக்கடையில் மசால்வடை மடிக்கப் போயிற்று.

எதிர்ச் சங்கத்துத் தலைவர் கோவிந்தராசு அந்த வடையைத் தின்றுகொண்டே கேட்டார்: “ஏண்ணே, இதுல யாரு பம்மாத்து? கம்பெனியா, தோணிக்காரனா, இல்ல செத்தவனுங்களா?”

“மூணு பேரும் சேர்ந்துதான். நாலாவது ஆள் நீ.”

“நல்லவேளை. என்னை விட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன்.”

மார்கழி பிறந்ததும் கம்பெனி வரவழைத்து, சென்னையிலிருந்து மாளவிகா என்ற பெண் வந்தாள். பழைய ஓவியங்களை ஏலத்துக்கு மதிப்பிடுவது அவள் வேலை. அவள் கையிலிருந்த பழைய புகைப்படத்தில் முப்பது வெள்ளை அம்மணங்கள். சுவரில் கூடை மாட்டிய மிச்சப் பேர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘மலை ஈரத்தால் உருவங்களில் சில மாற்றங்கள்’ என்று குறித்துக்கொண்டாள். படம் அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ஜீப்பில் இறங்கி, அதற்கு மறுவாரம் கப்பலோ விமானமோ ஏறிவிடும் என்றாள்.

அந்த வார ஆரம்பத்தில் கரையில் ஒரே ஒருத்திதான் மிச்சம் நின்றாள்.

மற்றவர்கள் எல்லாரும் முகம் காட்டி நின்றார்கள்; இவள், கூட்டம் இருந்தவரை அவர்களுக்குப் பின்னால் மறைந்து, முதுகு காட்டி நின்றாள். கூடை இல்லை. இறுக்கிக் கட்டிய கொண்டை. இடது கையின் மேற்பக்கம் ஒரு கறுப்புத் துணி. அந்தக் கறுப்புத் துணி கருநெல்லியில் கையில் ஏறியது ஒரே ஒரு வேலைநிறுத்தத்தில்தான், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன். ஆகவே அவள் யார் என்று ஹாலில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் பேரைச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பிரட்டுக்களத்தில் ஒரு பேரை மூன்று முறை கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால், ஜனத்தில் ஒருவர் முன்னால் வந்து “இறங்கியாச்சு” என்று சொல்ல வேண்டும். அதாவது ஆள் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அதோடு பேர் அடிபடும். அடித்த பேரை அடித்த வாய்தான் திரும்ப எடுக்கலாம். வேறு யார் எடுத்தாலும் எடுத்தவர் வீட்டில் ஒரு பேர் குறையும் என்பது மலைமேல் எல்லாருடைய நம்பிக்கை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் இந்தப் பேருக்கு “இறங்கியாச்சு” சொன்ன வாய், வேதமாணிக்கத்தின் வாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கரையில் நின்றவளின் மகள் செல்லத்தாயி வேதமாணிக்கத்தின் வீட்டுக்கு வந்தாள். அம்மா காணாமல் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. லாரிக்காரனோடு இறங்கிப் போனவளின் மகள் என்ற பட்டத்தோடு வளர்ந்து, அந்தப் பட்டத்தாலேயே பேசி முடித்த இரண்டு கல்யாணம் நின்று, மூன்றாவதாக ஒரு குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, இப்போது தன் மகளுக்கு வரும் வரன்களும் அதே பட்டத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பவள். வாசலிலேயே நின்றாள்.

“தலைவரே, நாளைக்குப் படம் இறங்குது.”

“இறங்கட்டும். சனியன் விட்டுது.”

“அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். எங்கம்மா ஓடிப்போகலைன்னு. இங்கதான் செத்தாங்கன்னு. பேரைச் சொல்லணும்.”

“யார் உன்னை அனுப்பினது? மேனேஜரா, கோவிந்தராசுவா?”

“எங்கம்மா.”

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. “இது பொறி, செல்லத்தாயி. அடுத்த வாரம் விற்பனைப் பேச்சுவார்த்தை. ஜனத்தின் பக்கம் பேச நான் ஒருத்தன்தான் இருக்கேன். என் வாயாலேயே என்னைப் பொய்யன்னு சொல்ல வெச்சுட்டா, அப்புறம் எவன் என் பின்னால வருவான்? அதுக்குத்தான் இந்தப் படம், இந்த டீ, எல்லாம். நீ விவரம் தெரியாம அதுல ஒரு ஆணியா இருக்கே.”

“இருக்கட்டும். ஆணியா இருந்தாலும் உண்மையா, இல்லையா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். அவள் பத்தடி பின்னால் வந்தாள். ஹாலில் யாரும் இல்லை. கணப்புக்கு முன்னால் வைக்கோல் நிரப்பிய மரப்பெட்டி திறந்து கிடந்தது.

“நல்லாப் பாரு” என்றார், படத்தைக் காட்டி. “நாப்பத்தோரு பேருக்கு முகம் இருந்துச்சு, இவளுக்கு மட்டும் முதுகு. ஏன்? மத்தவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியில, ஆபீஸ்ல போட்டோ இருந்திருக்கு. உங்கம்மாவுக்குப் போட்டோ கிடையாது. வரைஞ்சவனுக்கு முகம் தெரியலை, முதுகை வரைஞ்சுட்டான். இதுதான் கள்ளத்தனம். பிடிச்சுட்டேன்.”

“போட்டோ இல்லாதது வாஸ்தவம்தான்” என்றாள் செல்லத்தாயி. “எனக்கும் அவங்க முகம் மறந்துபோச்சு. முதுகுதான் ஞாபகம். அன்னைக்குக் காலையில பங்களாவுக்கு ஏறிப் போன முதுகு.”

தன் வாதத்தை முடிக்கும் வேகத்தில் அவர் பூதக்கண்ணாடியைப் படத்துக்கு வெகு அருகே கொண்டுபோனார். இடது கை. கறுப்புத் துணி. துணியின் முடிச்சு.

அவள் பங்களாவுக்கு ஏறிப் போன அன்று காலை, கறுப்புத் துணி குத்த ஊசி இல்லை. சங்கக் கொடியின் கயிற்றிலிருந்து ஒரு சாண் நூலைப் பிரித்து, அவள் கையில் அவரே கட்டினார். கொடி ஏற்றுகிறவன் போடும் முடிச்சு: இரண்டு சுற்று, ஒரு கண்ணி, நுனியை மேல்நோக்கிச் செருகுவது. கொழுந்து எடுக்கிறவர்கள் அப்படிப் போட மாட்டார்கள். கருநெல்லியில் அந்த முடிச்சு தெரிந்த கை ஒன்றுதான். கட்டும்போது பக்கத்தில் யாரும் இல்லை. “இறுக்காதீங்க தோழரே, பேசிட்டு வந்து அவுக்கணும்ல” என்றாள் அவள். சிவப்பு நூலின் மேல்நோக்கிய நுனி, பூனையின் மீசை மயிரளவு தூரிகையால் போட்டதுபோல, அந்தத் தாளில் இருந்தது.

எழுபத்துநாலு வயதில், சந்தேகப்பட ஓர் ஆள் மிச்சமில்லாமல் வேதமாணிக்கம் நின்றார். கம்பெனிக்கு அந்த முடிச்சு தெரியாது. கோவிந்தராசுவுக்குத் தெரியாது. இருநூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருத்தன்தான், சந்தேகம் முழுக்க, முப்பத்தெட்டு வருஷத்துப் பசியோடு, அவன்மேல் திரும்பியது.

சனிக்கிழமை காலை ஜீப் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. முந்நூறு பேர் ஹாலிலும் முற்றத்திலும் நின்றார்கள். மாளவிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வேதமாணிக்கம் துவைத்த வேட்டியோடு வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றதும், கோவிந்தராசு பின்வரிசையிலிருந்து, “ஜீப் டிரைவர் தம்பி, இன்ஜினை அணைச்சிடு. தலைவர் பேச ஆரம்பிச்சா சாயங்காலம் ஆகும்” என்றார். ஜனம் சிரித்தது. டிரைவர் நிஜமாகவே அணைத்தான்.

“ரொம்ப நேரம் ஆகாது” என்றார் வேதமாணிக்கம். “அந்தம்மா இறங்கிப் போகலை. லாரிக்காரன்னு ஒருத்தனும் கிடையாது. பேச்சுவார்த்தைக்குத் தனியா வரச் சொன்னாங்க, அனுப்பினது நான். திரும்பி வரலை. மறுநாள் காலையில தேடி வந்தேன். பங்களாவுக்குப் பின்னால, பூச்செடி வரிசையில புது மண்ணு கிளறியிருந்துச்சு. பார்த்தேன். எதுக்குக் கிளறினீங்கன்னு கேக்கலை. அப்ப இருந்த மேனேஜர் சொன்னான்: ஆள் இறங்கியாச்சுன்னு உங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தர் சொல்லிட்டா, வேலைநிறுத்தத்துல நீக்கின இருபத்துமூணு பேரையும் நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கிறேன்னு. பிரட்டுக்களத்துல மூணு தடவை கூப்பிட்டாங்க. நான் சொன்னேன்.”

அந்த இருபத்துமூன்று பேரின் பிள்ளைகளும் பேரன்களும் பாதி ஹாலை நிறைத்திருந்தார்கள். ஒருவன், “எங்கப்பன் தின்ன சோத்துல…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது, எறிவதற்கா, மரியாதைக்கா என்று தெரியவில்லை, எறியவில்லை.

பழனியாண்டி கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்குப் பேரை அடிச்ச பென்சில் என் கையில இருந்துச்சு. நான் ஒரு சாட்சி.”

இரண்டாவது சாட்சிக்கு வேதமாணிக்கம் கூட்டத்தைப் பார்த்தார். அவர் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். “நான் வரேன்” என்று கோவிந்தராசு முன்னால் வந்தார். அவர் முகத்தில் இப்போது நக்கல் இல்லை. மூன்றாவதாக ஒருவரும் வரவில்லை. வைக்கோல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாளவிகா, கையிலிருந்த தாள்களைக் கீழே வைத்துவிட்டு, “வெளியாள் நிக்கலாமா?” என்று கேட்டாள்.

“வெளியாள்தான் நல்லது” என்றார் பழனியாண்டி. “வாம்மா.”

மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். செல்லத்தாயி கூட்டத்திலிருந்து விலகி, சுவரோரமாக, படத்தில் இருக்கிறவளைப்போலவே எல்லாருக்கும் முதுகு காட்டி நின்றாள். வேதமாணிக்கம் அவளைப் பார்க்கவில்லை. தோணிக்காரனின் திறந்த வாயைப் பார்த்தார். ஒருமுறை செருமினார். பிறகு பிரட்டுக்களத்தில் கூப்பிடுவதுபோல, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக:

“சுடலையாண்டி மகள் அமராவதி.”